பாப்பாவை விரிக்கும் ஊமத்தை

வேலியோரம் மண்டிய ஊமத்தையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கை கழுவாமல் கண்ணைக் கசக்கினால் போதும். சற்று நேரத்தில் அந்தக் கண்ணின் பாப்பா அகல விரிந்துவிடும். வெயில் கூசும், கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும். ஒரு கண்ணில் மட்டும் பாப்பா விரிந்து வருபவரைப் பார்த்தால், மூளையில் ஏதும் கோளாறோ என்றுதான் மருத்துவர் முதலில் சந்தேகிப்பார். செடியைத் தொட்டதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின், ஸ்கோபலமைன் போன்ற ஆல்கலாய்டுகளின் வேலை இது. பாப்பாவைச் சுருக்கும் தசைக்கு நரம்பின் கட்டளையைக் கொண்டுசேர்ப்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அதைத் தசையில் சேரவிடாமல் அட்ரோபின் தடுக்கிறது. கிட்டத்தில் பார்ப்பதற்காகக் கண்ணின் லென்ஸைக் குவிக்கும் தசையும் கூடவே ஓய்ந்துபோகிறது. கண் மருத்துவமனையில் குழந்தைகளின் 'பவர்' பார்க்க விடும் சொட்டு மருந்துகளில் ஒன்று இதே அட்ரோபின்தான். வெறும் 0.01 சதவீத அட்ரோபின் கரைசலால் கிட்டப்பார்வை ஏறும் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று சிங்கப்பூரில் ஆராய்ந்தார்கள், பலன் தெரிந்தது.

பாப்பாவை விரிக்கும் ஊமத்தைக்கு நேர் எதிரான விதை ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் முன்பு குற்றம் சாட்டப்பட்டவரை அதைத் தின்னவைப்பார்கள்; வாந்தியெடுத்துப் பிழைத்தவர் நிரபராதி. 1863-ல் எடின்பரோ கண் மருத்துவர் ஆர்கில் ராபர்ட்சன் அதன் சாற்றைத் தன் கண்ணிலேயே விட்டுப் பார்த்தார். பாப்பா ஊசிமுனையளவாகச் சுருங்கியது. 1876-ல் லுட்விக் லாக்வியர் அந்த விதையில் உள்ள பைசோஸ்டிக்மைன் என்ற பொருளைக் கண் அழுத்த நோய்க்குப் பயன்படுத்தினார். அவருக்கே அந்த நோய் இருந்தது. ஆளைக் கொல்லும் விதை, பார்வை காக்கும் மருந்தானது.

அளவு தெரிந்து, கிருமி நீக்கியதால்தான் அது மருந்து. அரைத்துப் பிழிந்த இலைச்சாற்றில் இரண்டும் கிடையாது. கருவிழியில் சிறு கீறல் இருந்தாலே சாற்றோடு பூஞ்சை புகுந்து புண்ணாகலாம். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். நம் ஊரில் கண்ணில் எதையாவது பிழிந்து விடும் பழக்கம் எனக்குப் பெரும் கவலை.

மருந்துக்கடைச் சொட்டு மருந்திலும் ஆபத்து உண்டு. 'மெட்ராஸ் ஐ' வந்தபோது வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைச் சட்டென்று வடிக்கும். அந்தச் சுகத்துக்காக மாதக்கணக்கில் விட்டால், பலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் வலியில்லாமல் ஏறும், கண்புரையும் வரும். அழுத்தத்தால் கருகிய பார்வை நரம்பு திரும்பத் துளிர்ப்பதில்லை. பழைய சீட்டைக் காட்டி வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து வீட்டில் இருந்தால், அதை இனி விடாதீர்கள். எத்தனை நாள் விட்டீர்கள் என்று கண் மருத்துவரிடம் சொல்லி, கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.