பறவைகளின் பாட்டும் பெடையின் தேர்வும்

ஐரோப்பாவின் நாணற்புதர்களில் வாழும் கோரைக் கதிர்க்குருவி, ஆப்பிரிக்காவிலே குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் திரும்புகின்றது. வந்து சேர்ந்த ஆண் ஓயாது பாடுகின்றது. பெடையொன்று துணை சேர்ந்ததும் பெரும்பாலும் பாட்டை நிறுத்திவிடுகின்றது. பிற ஆண்களை விரட்டுவதொன்றே பாட்டின் நோக்கமாயின், இவ்வாறு நிறுத்துவதற்குக் காரணம் காண்பது அரிது.

பெடை தன் துணையைத் தெரிந்தெடுக்கின்றது என்றும், அத்தேர்வே தலைமுறைதோறும் ஆணின் அழகையும் பாட்டையும் வளர்த்தது என்றும் 1871-இல் டார்வின் எழுதினார். இயற்கைத் தேர்வைத் தனித்துக் கண்டறிந்த வாலஸ்கூட இதனை ஏற்கவில்லை. ஆயின், கோரைக் கதிர்க்குருவிகளை ஆராய்ந்த காட்ச்போல் என்னும் ஆங்கில விஞ்ஞானி, பலவகை ஒலிகளை இணைத்துப் பாடும் ஆண்களே முதலில் துணை பெறுகின்றன என்று 1980-இல் அறிவித்தார்.

இதற்கும் ஒரு தடை கூறலாம். பெடையை ஈர்ப்பது பாட்டன்று, அந்த ஆண் பிடித்துள்ள நல்ல இடமே எனலாமன்றோ? ஸ்வீடன் நாட்டில் எரிக்ஸன், வாலின் என்னும் இருவர் இதனைத் திறமையாகச் சோதித்தனர். ஆண் ஈப்பிடிப்பான் போன்ற பொம்மைகளைக் கூட்டுப்பெட்டிகளின் அருகே அமைத்து, சிலவற்றில் மட்டும் ஒலிபெருக்கி வழியே பாட்டை ஒலிக்கச் செய்தனர். பெட்டிக்குள் நுழையும் பெடை அகப்படுமாறு பொறியும் இருந்தது. அகப்பட்ட பத்துப் பெடைகளில் ஒன்பது, பாட்டு ஒலித்த பெட்டிகளுக்கே வந்திருந்தன. இம்முடிவு 1986-இல் வெளியாயிற்று. பாடும் ஆண் அங்கே இல்லை. பாட்டு மட்டுமே இருந்தது.

பெடைக்கு இதனால் விளையும் பயன் யாது? ஸ்வீடனின் குவிஸ்மாரென் ஏரியில் பெரிய நாணற்கதிர்க்குருவிகளைப் பல்லாண்டுகள் கண்காணித்தவர்கள் 1996-இல் ஒரு விடை தந்தனர். சில பெடைகள் தம் துணையல்லாத அயல் ஆண்களுடன் கூடியிருந்தன. அந்த ஆண்களின் பாட்டில் ஒலிவகைகள் துணையின் பாட்டைவிட மிகுதி. குஞ்சுகள் கூட்டை விட்டு நீங்கியபின் உயிர் பிழைத்திருப்பதும் உண்மைத் தந்தையின் பாட்டுவளத்தோடு ஒத்து உயர்ந்தது. அவ்விடத்திலேயே நடந்து 2000-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், கூட்டிலிருக்கும்போது நன்கு வளர்ந்த குஞ்சுகள் பின்னர் மிகுந்த ஒலிவகைகளைப் பாடக் காணப்பட்டன. இளமையில் பட்டினி கிடந்த பறவைக்குப் பாட்டைக் கற்கும் மூளைப் பகுதிகள் நன்கு வளர்வதில்லை போலும். அங்ஙனமாயின், ஆணின் குழந்தைப் பருவத்தையே பெடை செவியால் அறிந்துகொள்கின்றது எனலாம்.

எனினும் இவ்விதியை எல்லாப் பறவைகளுக்கும் பொதுவாக்குதல் தகாது. சான்றுகளை மீண்டும் சீர்தூக்கிய பையர்ஸும் குரூட்ஸ்மாவும், பெரும்பாலான இனங்களில் பெடை பாட்டுவகைகளின் எண்ணிக்கையைக் கருதித் தேர்ந்தெடுப்பதாக உறுதியான கள ஆதாரம் இல்லை என்று 2009-இல் எழுதினர். சில இனங்களில் ஆண் ஒரே பாட்டையே பாடுகின்றது. அங்கே பெடை கவனிப்பது வேகத்தையோ, நீளத்தையோ, பாடும் அளவையோ ஆகலாம்.