ஞாயிற்றுக்கிழமை மலை

சியோல் நாட்கள் – 9

ஞாயிறு காலை ஏழு மணிக்கு சியோல் மெட்ரோவின் மூன்றாம் தடத்தில் ஏறினால், ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பிய கூட்டத்துக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கண்ணைப் பறிக்கும் சட்டைகள். முதுகில் பை, அதன் பக்கவாட்டில் மடித்துச் செருகிய ஊன்றுகோல். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 65 வயது ஆகிவிட்டால் இங்கே மெட்ரோவில் கட்டணம் கிடையாது. கூட்டம் குபபால் நிலையத்தில் இறங்கி, பேருந்து பிடித்து, புக்கான்சான் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேரும்.

வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தாலே எனக்கு அடிவயிற்றைப் பிசையும். நான் ஆராய்ச்சி செய்யும் ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும். வீட்டுக்குப் பேசலாம் என்றால், இங்கே விடிந்து மூன்றரை மணி நேரம் கழித்துத்தான் அங்கே விடியும். அந்த மூன்றரை மணி நேரத்தை ஒற்றை அறையில் எப்படிக் கழிப்பது? ஆறு மாதம் திண்டாடிய பிறகு ஒருநாள் இந்த வண்ணச்சட்டைக் கூட்டத்தின் பின்னால் போனேன். புக்கான்சான் ஒரு தேசியப் பூங்கா; 2007-லிருந்து தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம்.

மெட்ரோவில் யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பதுகூட அபூர்வம். அதே மனிதர்கள் மலைப்பாதையில் கால் வைத்ததும் மாறிவிடுகிறார்கள். எதிரே வருகிறவர் எல்லாம் "அன்யோங்ஹாசேயோ" என்று வணக்கம் சொல்கிறார். நான் மூச்சிரைக்க நின்றால், இறங்கி வருகிற பெரியவர் "கொய் தா வாஸ்ஸோயோ" என்பார். கிட்டத்தட்ட வந்தாயிற்று என்று பொருள். இன்னும் ஒரு மணி நேர ஏற்றம் பாக்கி இருக்கும்போதும் அதையேதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம்.

போன அக்டோபரில், பாதி வழியில் ஒரு பாறைமேல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். பக்கத்துப் பாறையில் எழுபதை ஒட்டிய பெண்மணி, இங்கே சொல்வதுபோல் ஓர் அஜும்மா, வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தார். இங்கே மலையேறுகிறவர்கள் பையில் தண்ணீரோடு வெள்ளரிக்காயும் இருக்கும். கேட்காமலே ஒரு துண்டை நீட்டினார். நான் புளியோதரையில் ஒரு கை எடுத்து அவர் டப்பா மூடியில் வைத்தேன். மென்று பார்த்து, கடலையைத் தனியாக எடுத்துக் காட்டித் தலையாட்டினார். பிறகு பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் தந்தார். முன்பெல்லாம் இந்த இடங்களில் மக்கொல்லி என்னும் அரிசிக் கள்தான் ஓடுமாம். 2018-லிருந்து தேசியப் பூங்காவின் சிகரங்களில் மது குடிக்கத் தடை.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் கேட்டேன். இரண்டு கையாலும் தையல் இயந்திரத்தில் துணியைத் தள்ளுவதுபோல் காட்டினார். ப்யொங்வா சந்தை, பதினாறு வயது, மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் விடுமுறை. இரண்டு விரலை நீட்டிச் சொன்னார்.

அந்தச் சந்தையின் பெயரை அதற்குமுன் படித்திருந்தேன். சொங்க்யேசொன் ஓடைக்கரையில் இருந்த தையல் பட்டறைகளில், நிமிர்ந்து நிற்க முடியாத பரண்களில், சின்னப் பெண்கள் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தார்கள். அங்கே துணி வெட்டும் வேலையில் இருந்த ஜொன் தே இல் என்ற இளைஞர், தொழிலாளர் சட்டத்தைத் தானே படித்து, அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி அதிகாரிகளிடம் மனு மனுவாகக் கொடுத்தார். பலன் இல்லை. 1970 நவம்பர் 13 அன்று சந்தைக்கு முன்னால் தீக்குளித்தார். வயது 22. எங்களை ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்க விடுங்கள் என்பது அவர் எரியும்போது எழுப்பிய முழக்கங்களில் ஒன்று. ஓடையின் பாலம் ஒன்றில் இன்று அவர் சிலை நிற்கிறது.

வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற சட்டம் இந்த நாட்டில் 2004 ஜூலையில்தான் படிப்படியாக வரத் தொடங்கியது. அந்த அஜும்மாவுக்கு அப்போது ஐம்பது வயதை நெருங்கியிருக்கும். மெட்ரோ பெட்டியில் நான் பார்த்த வண்ணச் சட்டைகளுக்குள் இருந்தவர்கள் பலரும் அந்தத் தலைமுறைதான். அன்றைக்குப் பிறகு அவர்களைப் பொழுதுபோக்க வந்தவர்களாக என்னால் பார்க்க முடியவில்லை.

உச்சியான பேகுன்தேவுக்குச் சேர்ந்தே ஏறினோம். கடைசிப் பகுதி வெறும் கருங்கல் பாறை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு நின்று நின்று ஏற வேண்டும். அவர் என்னைவிட வேகம். மேலே, ஜப்பானிய ஆட்சியை எதிர்த்த 1919 மார்ச் விடுதலை எழுச்சியைப் பற்றிப் பாறையில் வெட்டிய எழுத்துகளைச் சுட்டிக் காட்டினார். காற்று பேச விடவில்லை.

அடிவாரத்தில், உடையிலும் காலணியிலும் படிந்த தூசியை ஊதித் தள்ளுவதற்குக் காற்றுக்குழாய்கள் வைத்திருக்கிறார்கள். அவர் ஒன்றை எடுத்து, குனிந்து, என் காலணிமேல் பிடித்தார். வயதில் மூத்தவர் என் காலடியில் குனிவதா என்று பதறிப் பின்வாங்கினேன். "பல்லி, பல்லி" என்று அதட்டினார். சீக்கிரம், சீக்கிரம். ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டினேன். முடித்ததும் குழாயை அவர் கையிலிருந்து வாங்கி, நானும் குனிந்து அவர் காலணித் தூசியை ஊதிவிட்டேன்.

(தொடரும்)