இரும்புக்கும் அலுத்துப் போகும்!

மானேஜர் மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருக்கிறார். உங்கள் கை சும்மா இருக்குமா? ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து இப்படியும் அப்படியும் வளைக்கிறது. கொஞ்ச நேரத்தில்... படக்! ஒரு தடவை வளைத்தபோது ஒன்றும் ஆகாத கம்பி, பல தடவை வளைத்ததும் 'போதும்டா சாமி' என்று விட்டுவிட்டது. இதற்குப் பெயரே 'உலோகச் சோர்வு'தான்!

கிளிப் போனால் போகட்டும். ரயில் அச்சு?

1842 மே 8. புதுச்சேரியை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். அவர்கள் நாட்டில், வெர்சாயிலிருந்து பாரீசுக்குப் போன ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஏறி மோதித் தீப்பிடித்தன. கதவுகள் வெளியே பூட்டியிருந்ததால் 50 பேருக்கு மேல் பலி. அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள்.

வில்லியனூர் வழியாகப் போகும் விழுப்புரம்-புதுச்சேரி ரயிலையே எடுத்துக்குங்க. 38 கிலோமீட்டரில் சக்கரம் சுமார் 13,000 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் அச்சு ஒரு தடவை லேசாக வளைந்து நிமிரும். தினமும் இப்படியே என்றால் எந்த இரும்புக்குத்தான் அலுக்காது? அதனால்தான் ரயில்வேயில் அச்சுக்கும் தண்டவாளத்துக்கும் ஒலி அலைச் சோதனை.

பெரிய விரிசல் எவ்வளவு வேகமாக வளரும் என்று கணக்குப் போட 1960-களிலேயே பால் பாரிஸ் என்ற அமெரிக்கர் வழி சொல்லிவிட்டார். வம்பு பண்ணுவது பொடி விரிசல்தான். 'இவ்வளவு குறைந்த பளுவில் வளராது' என்று கணக்கு சொல்லும். அது பாட்டுக்கு வளரும்!

காரணம்? உலோகம் என்பது நுண்ணிய மணிகள் சேர்ந்தது. பாகூரிலிருந்து கடலூர் போகும் பைக்கை எல்லையில் செக்போஸ்ட் மறிக்கிற மாதிரி, ஒவ்வொரு மணியின் எல்லையிலும் பொடி விரிசல் தயங்கும், திரும்பும், தாண்டியதும் பறக்கும். பெரிய விரிசலோ ஊர்வலம் மாதிரி, செக்போஸ்டை மதிக்காது. ஆனால் அதன் பின்பக்கச் சுவர்கள் ஒன்றோடொன்று உரசி மூடிக்கொள்வதால் வேகம் குறையும். பொடிசுக்கு அந்த பிரேக் கிடையாது. பல உதிரிபாகங்களின் ஆயுளில் பெரும்பகுதி இந்தப் பொடிப் பருவத்திலேயே கழிந்துவிடுகிறது என்பதுதான் விஷயம்.

நம்ம பைக்குக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போது ஃபுட்ரெஸ்ட், ஸ்டாண்ட், சேஸிஸ் வெல்டிங் ஓரங்களைப் பாருங்க. முடி மாதிரி ஒரு துருக்கோடு தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்க. உடைந்த துண்டில் ஒரு பாதி வழவழப்பாகவும் மறுபாதி சொரசொரப்பாகவும் இருந்தால், அது நேற்று உடைந்ததல்ல. ரொம்ப நாளாக உடைந்துகொண்டிருந்தது!

1988-ல் ஹவாய் தீவில் அலோஹா விமானத்தின் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் பலி. ஏறும்போதே ஒரு பயணி விரிசலைப் பார்த்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

நீங்க பார்த்தால், சொல்லிடுங்க!