கதிரவனை அளந்த தேவாலயம்

பாரிஸ் என்றதும் ஐஃபெல் கோபுரமும் லூவர் அருங்காட்சியகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரில் செய்ன் ஆற்றின் தென்கரையில் சேன் ஜெர்மேன் என்றொரு பழைய பகுதி உண்டு. அதன் குறுகிய தெருக்களை ஓரிரு மணி நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம். சுற்றுலா நூல்கள் ஒரு வரியில் கடந்து போகும் சில இடங்கள் அங்கே இருக்கின்றன. இயற்பியல் பயிலும் மாணவருக்கு அவை ஐஃபெல் கோபுரத்தைக் காட்டிலும் முக்கியமானவை என்பது என் கருத்து.

வடக்கிலிருந்து தெற்காகச் செல்வோம். முதலில் வருவது சேன் ஜெர்மேன் தெ பிரே. பாரிசின் மிகப் பழைய தேவாலயங்களுள் இதுவும் ஒன்று. வரைபடத்தாளில் அச்சுகள் வரைந்து கணக்குச் செய்யும் ஒவ்வொரு மாணவனும் கடன்பட்டிருக்கும் டேக்கார்ட் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1650இல் சுவீடனில் இறந்த அவருடைய எலும்புகள் பல இடங்களுக்கு மாற்றப்பட்டு, 1819இல் இங்கு வந்து சேர்ந்தன. அவருடையதாகக் கருதப்படும் மண்டை ஓடு மட்டும் பாரிசிலேயே ஓர் அருங்காட்சியகத்தில் தனியே இருக்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் சேன் சுல்பீஸ் தேவாலயத்தை அடையலாம். 1646இல் கட்டத் தொடங்கிய இது, அளவில் நோத்ர் தாம் தேவாலயத்துக்குச் சற்றே சிறியது. உள்ளே சென்று தரையைப் பாருங்கள். கற்களுக்கிடையே ஒரு பித்தளைக் கோடு தெற்கு வடக்காக ஓடுகிறது. வடகோடியில் ஏறத்தாழ 11 மீட்டர் உயரமுள்ள வெண்சலவைக்கல் தூண் ஒன்று நிற்கிறது. கோடு அதன் அடியில் முடிந்துவிடாமல் தூணின்மேல் நேராக ஏறிச் செல்கிறது! இது அலங்காரமா? இல்லை, இது ஓர் அளவுகருவி.

ஊசித்துளைக் காமிராவைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இங்கே தேவாலயமே காமிரா. தெற்குச் சன்னலில், தரையிலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே கதிரவனின் பிம்பம் தரையில் விழுந்து, மேற்கிலிருந்து கிழக்காக மெல்ல நகர்கிறது. அது பித்தளைக் கோட்டைக் கடக்கும் கணமே அவ்விடத்தின் உண்மையான நண்பகல். பிம்பம் முழுவதும் கோட்டைக் கடக்க இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேலாகும். பூமி சுழல்வதை இவ்வளவு எளிதாகக் கண்ணால் காணும் இடங்கள் குறைவு.

கோட்டில் எந்த இடத்தில் பிம்பம் விழும் என்பது பருவத்தைப் பொறுத்தது. மாணவர்கள் இதைத் தாமே கணக்கிடலாம். பாரிசின் அட்சரேகை ஏறத்தாழ 49 பாகை. எனவே பகலும் இரவும் சமமாக உள்ள மார்ச் 20 அல்லது 21இல் நண்பகல் கதிரவனின் ஏற்றக் கோணம் 41 பாகை. 25 மீட்டரை 41 பாகையின் டேன்ஜன்ட் மதிப்பால் வகுத்தால் ஏறத்தாழ 29 மீட்டர் கிடைக்கும். ஜூன் 21 அளவில் கோணம் 64½ பாகை, தூரம் 12 மீட்டர். டிசம்பர் 21 அளவில் கோணம் 18 பாகைக்கும் குறைவு. தூரம் 78 மீட்டராகி விடுகிறது! தேவாலயத்தின் அகலம் அவ்வளவு இல்லை. சுவரைத் தாண்டி இன்னும் 20 மீட்டர் வெளியே போக வேண்டும். கோட்டைத் தூண்மேல் ஏற்றியதன் காரணம் இதுவே. குளிர்காலத்தில் பிம்பம் தரையில் விழாமல் தூணின்மீது விழுகிறது.

தேவாலயத்துக்கு இது எதற்கு? ஈஸ்டர் பண்டிகை, மார்ச் 21 அன்றோ அதன் பின்போ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மார்ச் 21 என்பது சம பகலிரவு நாளுக்காகக் கொண்ட தேதி. பழைய நாட்காட்டியில் அந்நாள் பத்து நாள் வரை விலகிவிட்டதால்தான் 1582இல் கிரிகோரி நாட்காட்டி வந்தது. வானத்தைப் பார்த்தே அந்நாளை உறுதி செய்ய விரும்பினார் இங்கு பங்குக்குருவாக இருந்த லாங்கே தெ ஜெர்ஜி. ஹென்றி சல்லி என்ற கடிகார வல்லுநர் பணியைத் தொடங்கி, 1728இல் இறந்துவிட்டார். வானியலார் பியேர் லெ மொன்னியே 1743இல் அதை முடித்தார். பூமியின் வடிவத்தை அளக்க 1736இல் லாப்லாந்து சென்ற குழுவில் இளம் வயதிலேயே இடம்பெற்றவர் இவர்.

லெ மொன்னியேவின் நோக்கம் ஈஸ்டரோடு நிற்கவில்லை. பூமியின் அச்சுச் சாய்வு மாறுகிறதா என்பது அவருக்கு இருந்த பெரிய கேள்வி. அது ஒரு நூற்றாண்டுக்குச் சுமார் 47 விகலை குறைகிறது என்று இன்று அறிவோம். ஒரு பாகையில் 3,600 விகலைகள். ஒரு மீட்டர் உயரக் கம்பியை நட்டு அதன் நிழலை அளந்தால், நூறாண்டில் ஜூன் மாத நிழல் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் நகரும். 25 மீட்டர் உயரத் துளையானால் பிம்பம் 7 மில்லிமீட்டர் நகரும். ஆய்வகக் கருவிகள் சிறிதாக இருந்த காலத்தில், உயரமும் இருளும் அசையாத தரையும் ஒருசேரக் கிடைத்த கட்டடம் தேவாலயம்தான். பிம்பத்தின் விளிம்பைத் தெளிவாக்க நீண்ட குவியத் தூரமுள்ள வில்லை ஒன்றையும் அவர் பயன்படுத்தினார்.

நேரில் காணச் செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. கடிகாரத்தில் 12 மணிக்குப் போய் நின்றால் ஏமாற்றமே மிஞ்சும். பிரான்சின் கடிகாரங்கள் 15 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டின் நேரத்தைக் காட்டுகின்றன. பாரிஸ் 2⅓ பாகையில் உள்ளது. ஆகவே அங்கு உண்மை நண்பகல் குளிர்காலத்தில் 12-51ஐ ஒட்டியும், கோடைக்கால நேரம் நடைமுறையில் உள்ளபோது 1-51ஐ ஒட்டியும், சில நிமிடங்கள் முன்பின்னாக வரும்.

2003இல் வெளிவந்த 'டா வின்சி கோட்' என்னும் ஆங்கில நாவல் இக்கோட்டுக்கு ஏதேதோ மர்மம் கற்பித்தது. இதைப் பாரிஸ் நெடுங்கோடு என்றும் சொன்னது. பாரிஸ் நெடுங்கோடு செல்வது 1667இல் நிறுவப்பட்ட வானாய்வு நிலையத்தின் வழியாக. அது இத்தேவாலயத்துக்குச் சற்றுக் கிழக்கே உள்ளது. மர்மம் ஏதுமில்லை என்று தேவாலயத்தார் அறிவிப்புப் பலகையே வைக்க நேர்ந்தது.

தூணின் அடியில் உள்ள கல்வெட்டில் சில வரிகள் உளியால் செதுக்கி அழிக்கப்பட்டிருக்கின்றன. அவை அரசனையும் அமைச்சர்களையும் குறித்தவை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அவற்றை அழித்தவர்கள் கோட்டைத் தொடவில்லை.

அதே புரட்சியின் இன்னொரு அடையாளம் தெற்கே வோஜிரார் தெருவில், 36ஆம் எண் கட்டடத்தில், வளைவுகளின் கீழ் இருக்கிறது. சுவரில் பதித்த ஒரு சலவைக்கல் பட்டை. அதன் நீளம் ஒரு மீட்டர். புரட்சிக்கு முன் பிரான்சில் ஒரே பெயருள்ள அளவை ஊருக்கு ஊர் வேறுபட்டது. எந்த அளவையால் தானியம் அளப்பது என்பதைப் பல இடங்களில் நிலப்பிரபுவே முடிவு செய்தார். ஏழைக் குடியானவனுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. 1789இல் மக்கள் எழுதித் தந்த குறைப் பட்டியல்களில் அளவைகளைப் பற்றிய முறையீடுகள் ஏராளம். புதிய அளவை யார் சொத்தும் ஆகாதிருக்க, பூமியையே அடிப்படையாகக் கொண்டனர். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கே மீட்டர். துணி வாங்கியவர் சந்தேகம் வந்தால் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று 1796, 1797ஆம் ஆண்டுகளில் நகரில் 16 இடங்களில் இப்படிக் கற்களைப் பதித்தனர். பதித்த இடத்திலேயே இன்றும் இருப்பது இது ஒன்றுதான். 1799இல் முடிவான மீட்டர், அதற்கு முன் வழங்கிய தற்காலிக மீட்டரைவிட 0.3 மில்லிமீட்டர் குறைந்தது என்பது வேறு கதை. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் படியையும் மரக்காலையும் விட்டு நாம் மாறியதும் இந்த அளவை முறைக்கே.

இதே தெருவில் மேற்கே நடந்தால் தாஸாஸ் தெரு முனையில் லெயோன் ஃபூக்கோ வாழ்ந்த வீடு வரும். 1851 ஜனவரியில் இதன் நிலவறையில் 2 மீட்டர் கம்பியில் 5 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். முதல் முயற்சியில் கம்பி அறுந்தது. 8ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு, குண்டின் ஊசல் தளம் மெல்லத் திரும்புவதைக் கண்டார். வானத்தைப் பாராமலே, மூடிய அறைக்குள், பூமி சுழல்வதற்குச் சான்று கிடைத்தது. சில வாரங்களில் 67 மீட்டர் கம்பியுடன் பாந்தியன் கட்டடத்தில் அதைப் பொதுமக்களுக்குக் காட்டினார். அதுவும் தேவாலயமாகக் கட்டப்பட்டதே.

ஊசல் தளம் திரும்பும் வேகம், மணிக்கு 15 பாகையை அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கக் கிடைக்கும். பாரிசில் அது மணிக்கு 11.3 பாகை, ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 32 மணி. 13 பாகை அட்சரேகையில் உள்ள சென்னையில் மணிக்கு 3.4 பாகைதான். அங்கே ஃபூக்கோ சோதனை செய்திருந்தால் ஒரு சுற்று முடிய நான்கு நாளும் பத்து மணியும் ஆகியிருக்கும். நிலநடுக்கோட்டில் செய்திருந்தாலோ, தளம் திரும்பியிருக்கவே இருக்காது.