கிருமி தனக்கே காய்ச்சும் விஷம்!

'இருமல்தான் நின்னு போச்சே வைத்தியரய்யா... டி.பி. மாத்திரையை நிறுத்திட்டு ஆடாதோடை மணப்பாகு மட்டும் சாப்பிடட்டுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. 'கூடவே கூடாது' என்பேன். சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா? காரணம் இருக்கிறது.

காசநோய்க் கிருமிக்குள் 'கேட்-ஜி' என்றொரு புரதம் உண்டு. 740 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நிற்கும். உள்ளே, நம் ரத்தத்தில் இருப்பது போலவே, இரும்பு பொதிந்த 'ஹீம்'. நம் உடம்பின் காவல் அணுக்கள் கிருமிமேல் வீசும் ஹைட்ரஜன் பெராக்சைடை முறிப்பதுதான் இதன் வேலை.

வேடிக்கை என்னவென்றால், ஐசோநியாசிட் மாத்திரை தானாகக் கிருமியைக் கொல்லாது. அதை விஷமாக மாற்றுவதே இந்தப் புரதம்தான்! கிருமியின் மெழுகுச் சுவர் கட்டும் வேலை அதோடு நின்றுவிடும். கேட்-ஜி இல்லாத கிருமியிடம் மாத்திரை பலிக்காது என்பது 1992-ல் தெரிந்தது.

சில கிருமிகளில் இந்தச் சங்கிலியின் 315-வது மணி மட்டும் மாறியிருக்கும். புரதம் கிருமியைக் காக்கும். மாத்திரையைச் சரியாக விஷமாக்காது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இவற்றையும் ஒழிக்கத்தான். பாதியில் விட்டால் இவை தப்பிப் பெருகிவிடும். அப்புறம் ஐசோநியாசிட் கைகொடுக்காது.

மணப்பாகு எங்கேயும் போயிடாது. டாக்டர் சொன்ன கடைசி நாள் வரைக்கும் மாத்திரையை விட்டுடாதீங்க!