முதல் மனை வாங்கும் கணக்கு

“பத்து வருஷத்துல டபுள் ஆயிடும் தம்பி.” மனை விற்பவர் யாரும் இந்த வரியைச் சொல்லாமல் விடுவதில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். உண்மையிலேயே இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

செங்கல்பட்டைத் தாண்டி எங்கோ அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. சதுர அடி 1,000 ரூபாய் என்றால் விலை 12 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கு 1,08,000 ரூபாய். தரகு 2 சதவீதம் என்றால் 24,000. வக்கீல், ஆவண எழுத்தர், வில்லங்கச் சான்று எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 13.4 லட்சம் கையை விட்டுப் போகிறது. பத்தாண்டு கழித்து 24 லட்சத்துக்கு விற்கிறீர்கள். தரகு போக 23.5 லட்சம். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் என்ற கணக்கில் இன்னும் ஒன்றே கால் லட்சம் போனால், நிற்பது 22 லட்சத்துச் சொச்சம். போட்ட பணம் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேல் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 2020 ஏப்ரல் முதல் பி.பி.எஃப். கணக்குக்கு அரசு அறிவித்த வட்டியே 7.1 சதவீதம், அதற்கு வரியும் கிடையாது.

ஆகவே மனை வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரகடத்திலும் ஓசூரிலும் தொழிற்சாலைகள் வருமுன் வாங்கிப் போட்டவர்கள் கதை வேறு. ஆனால் அந்த மாதிரி இடம் இதுதான் என்று உங்களிடம் ஒருவர் சொல்லும்போது, அந்த எதிர்பார்ப்பும் சேர்ந்தே விலையில் ஏறியிருக்கும். இருபத்தைந்து வயதில் முதல் மனை வாங்குபவர், பத்துப் பதினைந்து ஆண்டு தொடத் தேவையில்லாத பணத்தை மட்டும் அதில் போடலாம். அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மனையில் இருநூறு சதுர அடியை மட்டும் வெட்டி விற்க முடியாது.

விலையைவிடப் பெரிய ஆபத்து காகிதத்தில் இருக்கிறது. அதிக விலை கொடுத்துவிட்டால் லாபம் குறையும். பத்திரத்தில் கோளாறு என்றால் மனையே கையில் நிற்காது. சம்பாதிக்க ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் எதையும் வாங்காமல், பத்திரம் படிக்க மட்டும் பழகிக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்பது என் கருத்து. சொந்த வீட்டுப் பத்திரத்திலிருந்தே தொடங்கலாம். அதிலுள்ள சர்வே எண்ணைப் பாருங்கள். செக்குபந்தியைப் படியுங்கள், நான்கு எல்லையிலும் என்ன இருப்பதாக எழுதியிருக்கிறதோ அது நேரில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பதிவுத்துறையின் இணையதளத்தில் அதே சர்வே எண்ணுக்கு ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

ஈ.சி.யை எப்படிப் படிப்பது? ஓர் உதாரணம். 1986-இல் ஒருவர் நிலத்தைக் கிரயம் வாங்குகிறார். 1998-இல் கூட்டுறவு வங்கியில் அடமானம். 2009-இல் அவருடைய இரண்டு மகன்களுக்குள் பாகப்பிரிவினை. 2021-இல் மூத்தவர் தன் பாகத்தை லேஅவுட் போடுபவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார். இன்று அந்தப் பவர் ஏஜென்ட் உங்களுக்கு மனை விற்கிறார். நான்கே பதிவுகள், மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஆனால் 1998 அடமானத்துக்கு ரத்து ரசீது எங்கே? கடன் அடைந்ததா, இல்லை அடைத்தும் ரசீதைப் பதியாமல் விட்டார்களா? பாகப்பிரிவினையில் மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, பெரியவருக்குப் பெண் பிள்ளைகள் இல்லையா? இருந்தால் பொதுவாக அவர்களுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. பவர் கொடுத்த மூத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் அதோடு முடிந்தது. அவர் இருக்கும் ஊருக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவதில் தப்பே இல்லை.

ஈ.சி.யில் வில்லங்கம் இல்லை என்று வந்தாலும் அதோடு வேலை முடிந்துவிடாது. பதியப்படாத உயிலோ, பதியாத ஒப்பந்தமோ அதில் வராது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் வராமல் போகலாம். பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த்துறை ஆவணம். பட்டா ஒருவர் பெயரில் இருப்பதால் மட்டும் அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். இரண்டையும் தாய்ப்பத்திரத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதற்கு வக்கீல் கருத்து வாங்குங்கள். அவர் விற்பவர் காட்டும் வக்கீலாக இருக்கக் கூடாது.

அடுத்தது, “பஞ்சாயத்து அப்ரூவ்டு” என்ற பலகை. லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை, டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம், அல்லது சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ. எனப்படும் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். அனுமதியற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டபோது, மாநிலம் முழுக்கப் பலர் வாங்கிய மனையை விற்க முடியாமல் தவித்தார்கள். பிறகு வரன்முறைத் திட்டம் வந்தது, கட்டணம் கட்டினார்கள், அலைந்தார்கள். அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே சரிபாருங்கள்.

மாதத் தவணை மனைகளும் இளைஞர்களைத்தான் குறிவைக்கின்றன. மாதம் சில ஆயிரம் கட்டுங்கள், அறுபது மாதத்தில் பதிந்து தருகிறோம் என்பார்கள். அந்த ஐந்து ஆண்டும் நிலம் அவர்கள் பெயரில். உங்கள் கையில் ரசீதுக் கட்டு மட்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. இதைக் கேட்டவுடன் விற்பவரின் முகம் மாறினால் எழுந்து வந்துவிடலாம்.

பேரம் முடிந்த பிறகு ஒரு பேச்சு வரும். “கைடுலைன் வேல்யூவுக்குப் போட்டுக்கலாம், மீதியைக் கையில கொடுத்துடுங்க.” உண்மை விலையை விட்டு அரசின் வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் காட்டினால் தீர்வை மிச்சமாகிறதே என்று தோன்றும். ஆனால் பத்திரத்தில் எட்டு லட்சம் என்று காட்டிவிட்டுப் பின்னால் உண்மை விலைக்கு விற்றால், கொடுத்த நாலு லட்சமும் உங்கள் லாபமாகக் கணக்காகி அதற்கும் வரி விழும். வங்கியும் பொதுவாகப் பத்திரத்தில் உள்ள தொகையை வைத்துத்தான் கடன் தரும். சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி விதிமீறல். அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகலாம். வங்கி வழியாகவே கொடுங்கள்.

பதிவுச் செலவைக் குறைக்க நேர்வழி ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ பதிந்தால் சொத்து அவருடையதாகிவிடும் என்பதை மறந்துவிட்டு இதைச் செய்பவர்களும் உண்டு. அதில் சம்மதம் என்றால் நல்லதுதான்.

மனைக்குப் பதில் பிளாட்? 40 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 83 லட்சம். அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் பெரும்பாலும் தவணையில் பாதிகூட வராது. வேலைக்காக ஊர் மாறும் வயதில் இந்தக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள நான் யாருக்கும் சொல்வதில்லை. குடியிருக்க வாங்குகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அப்போதும் உங்கள் பங்காக எத்தனை சதுர அடி நிலம் பத்திரத்தில் வருகிறது என்று கேளுங்கள். கட்டடம் தேயும், நிலத்துக்குத்தான் விலை ஏறும்.

சில ஆயிரம்தான் கையில் இருக்கிறதென்றால் பங்குச் சந்தையில் ரீட் யூனிட் வாங்கலாம். வாடகைக்கு விட்ட அலுவலகம் போன்ற வணிகக் கட்டடங்களில் சிறு பங்கு அது. இந்தியாவில் முதலில் 2019-இல் எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் பட்டியலிடப்பட்டது. இப்போது ஒரே யூனிட்கூட வாங்க முடியும். விநியோகிக்கத்தக்க பணத்தில் 90 சதவீதத்தையாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. விலை ஏறி இறங்கும்; ஆனால் அவசரத்துக்கு விற்கலாம், வாரிசுச் சான்றிதழும் தேட வேண்டாம்.

மனையே வாங்கிவிட்டீர்கள் என்றால், பத்திரம் கைக்கு வந்த அன்றோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாறியதா, உட்பிரிவு எண் விழுந்ததா என்று பாருங்கள். சர்வேயரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் நடுங்கள். காலிமனை வரியைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஈ.சி. போட்டு, உங்கள் கிரயத்துக்குப் பிறகு வேறு யாரேனும் அந்த எண்ணில் ஏதாவது பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியூரில் வேலை என்றால், பக்கத்து மனைக்காரரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வது இதையெல்லாம்விடச் சீக்கிரம் சேதி சொல்லும்.