காடர் குடியின் இடப்பெயர்வும் இடத்தேர்வு உரிமையும்: வால்பாறைக் கல்லார் குடியிருப்பை முன்வைத்து

முன்னுரை

மலைவாழ் மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் முயற்சிகளில் வீட்டின் தரமே முதன்மையாகப் பேசப்படுகிறது. இடத்தைத் தெரிவு செய்பவர் யார் என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. வால்பாறைப் பகுதியின் கல்லார் காடர் குடியிருப்பு அவ்வினாவின் முதன்மையை உணர்த்துவதை இக்கட்டுரை விளக்குகிறது.

எகிப்து தரும் படிப்பினை

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரைக் குன்றில், பண்டைய கல்லறைகளின் மீது குர்னா மக்கள் வாழ்ந்துவந்தனர். கல்லறைகளைக் காக்கும் நோக்கில் தொல்பொருள் துறை 1940களில் அவர்களை இடம்பெயர்க்க முனைந்தது. கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி மண்செங்கல்லால் புதிய குர்னாவை வடிவமைத்தார். மரபுக் கட்டுமானத்தைப் போற்றிய அவ்வூர் உலகப் புகழ் பெற்றது. ஆயினும் மக்களில் பெரும்பாலோர் அங்குக் குடியேற மறுத்தனர். அவர்களின் பிழைப்பு குன்றைச் சார்ந்திருந்தது. இடப்பெயர்வு முடிவும் அவர்களுடையதன்று. 2006ஆம் ஆண்டின் இறுதியில் பழைய வீடுகள் இடிக்கப்படத் தொடங்கின.

கல்லார்: பேரிடரும் இடமாற்றமும்

ஆனைமலைக் காடுகளின் தொல்குடிகளுள் காடர் குறிப்பிடத்தக்கோர். கேரளத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுவாக வகைப்படுத்தப்பட்டுள்ள இவர்கள், தமிழகத்தில் அவ்வகைப்பாட்டில் இடம்பெறவில்லை. தேன், கிழங்கு முதலிய காடுபடு பொருள்களோடு இவர்களின் வாழ்வு பிணைந்துள்ளது.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தினுள் அமைந்த கல்லார் குடியிருப்பு, 2019 ஆகஸ்டில் பெய்த கனமழையின்போது நிலச்சரிவால் பாதிக்கப்பட்டது. இடம்பெயர்ந்த மக்கள் தெப்பக்குளமேட்டைத் தெரிவு செய்து குடிசை அமைத்தனர். வனத்துறை அதை ஏற்கவில்லை. அவர்கள் தாய்முடி எஸ்டேட்டின் லயன் வீடுகளில் தங்கவைக்கப்பட்டனர்.

லயன் என்பது தோட்டத் தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பு. வேலையோடு பிணைந்த உறைவிடம். காடருக்கோ வீடு என்பது காட்டை அடுத்த முற்றமும் உறவினர் சூழ்ந்த வெளியும் சேர்ந்தது. கூரை கிடைத்தும் காட்டினின்று விலகியதே அவர்களின் குறையாயிற்று. தொடர்ந்து போராடிய அவர்களுக்கு 2021ஆம் ஆண்டில் தெப்பக்குளமேட்டில் நிலம் வழங்கப்பட்டது. ஈராண்டுக்குப் பின் ஏற்கப்பட்டது, அம்மக்கள் தொடக்கத்திலேயே சுட்டிய இடமே.

சட்டத்தின் நிலை

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 4(2)இல், முக்கிய வன உயிரின வாழிடங்களிலிருந்து மக்களை மீள்குடியமர்த்த நிபந்தனைகளை விதிக்கிறது. உரிமைகள் முதலில் ஏற்கப்பட வேண்டும். கிராம சபையின் தடையற்ற, தகவலறிந்த ஒப்புதல் எழுத்து வடிவில் பெறப்பட வேண்டும். புதிய இடத்தில் நிலமும் வசதிகளும் நிறைவுறும்வரை எவரையும் இடம்பெயர்க்கலாகாது.

எனினும் இந்நிபந்தனைகள் வன உயிரினப் பாதுகாப்பிற்காக அரசு மேற்கொள்ளும் இடப்பெயர்வை மனத்திற்கொண்டவை. நிலச்சரிவு போன்ற இயற்கைப் பேரிடரால் வாழிடம் இழப்போருக்கெனத் தனிப்பிரிவு இச்சட்டத்தில் இல்லை. பேரிடரில் ஒப்புதல் பெறக் காலம் வாய்ப்பதில்லை; தற்காலிக ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கல்லார் மக்கள் சிக்கிக்கொண்டது இவ்விடைவெளியிலேயே.

குர்னா மக்கள் குன்றைவிட்டு இறங்க மறுத்தவர்கள். கல்லார் மக்களோ ஆபத்தான சரிவைவிட்டு நீங்க உடன்பட்டவர்கள். அவர்கள் மறுத்தது இடமாற்றத்தையன்று, காட்டினின்று பிரிவதையே. இவ்வேறுபாட்டைக் காணாத நிர்வாகம், இடத்தேர்வில் எழும் எதிர்ப்பைப் பிடிவாதமாகக் கருத நேர்கிறது.

முடிவுரை

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலந்தோறும் நிலச்சரிவு அச்சம் நிலவுகிறது. ஆதலால் சரிவு நேருமுன்னரே, ஒவ்வொரு குடியிருப்பின் கிராம சபையும் தன் மரபு எல்லைக்குள் பாதுகாப்பான மாற்றிடத்தைச் சுட்டுவதும், அதனை நிலவியல் வல்லுநர் ஆய்ந்து வருவாய்த்துறையும் வனத்துறையும் பதிவு செய்வதும் இன்றியமையாதன. அவ்வாறு செய்யின், பேரிடர் நாளில் மக்கள் இடத்திற்காகப் போராட நேராது. கல்லார் நிகழ்வு உணர்த்துவது இதுவே: மறுவாழ்வு வீட்டின் சுவரில் தொடங்குவதில்லை, இடத்தைத் தெரிவு செய்யும் உரிமையில் தொடங்குகிறது.